கட்டடம் அழுக்காகிறது, பழையதாக மாட்டேன் என்கிறது: மாதிரிக் கட்டடங்களுக்கு வெதரிங் எங்கிருந்து தொடங்குவது?

#1 சிறுதச்சன்

வணக்கம். 1:87 அளவில் ஒரு பழைய சரக்குக் கிடங்கு கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மாடி, செங்கல் சுவர், பக்கவாட்டில் தகரக் கொட்டகை, முன்னால் சரக்கு இறக்கும் மரமேடை. அடிவண்ணம் பூசியாகிவிட்டது. அடுத்தது வெதரிங், அதாவது மழை, வெயில் பட்டுப் பழசானது போலக் காட்டும் வண்ணவேலை. அதில் கைவைக்கும் முன் உங்களைக் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

இணையத்தில் பார்க்கிற மாதிரிகளில் பெரும்பாலானவை அழுக்காக இருக்கின்றன, பழையனவாக இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பு வாஷ் (இடுக்கில் ஓடும் நீர்த்த வண்ணம்), எல்லா விளிம்பிலும் ஒரே வெளிர் உலர்தூரிகை (ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் தடவுவது), ஆங்காங்கே துருப்பொடி. கட்டடத்தை அப்படியே கரித்தண்ணீரில் முக்கி எடுத்தது போல. எந்த வண்ணத்தை எதில் கரைப்பது என்று சொல்லித்தர ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. அழுக்கை எந்த இடத்தில் வைப்பது, எந்த இடத்தை விட்டுவிடுவது என்று சொல்பவர்கள்தான் குறைவு.

என் கேள்விகள் மூன்று. அழுக்கு எங்கே சேரும்? எந்த வரிசையில் பூசுவது? கட்டி முடித்த கட்டடத்தை நிலத்தில் முளைத்தது போல உட்கார வைப்பது எப்படி?

#2 ஓதச்சுவர்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், மற்றதை வண்ணக்காரர்கள் சொல்லட்டும்.

கட்டடத்தைப் பழையதாக்குவதில் பெரும்பங்கு தண்ணீருக்கு. வெயிலும் காற்றும் புகையும் அதற்குத் துணை. ஆகவே தூரிகையை எடுக்கும் முன் ஒரு மழைத்துளி கூரையில் விழுந்து தரையைச் சேரும் வரை எந்த வழியாகப் போகும் என்று விரலால் தடவிப் பாருங்கள். கூரைச் சரிவு, இறவாரம், மழைநீர்க் குழாய், சன்னலின் அடிக்கல், சுவரின் அடி. அந்தத் துளி எங்கே வேகமாக ஓடுகிறது, எங்கே தயங்கி நிற்கிறது, எங்கே அதன் கைக்கே எட்டாத நிழல் இருக்கிறது? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் கறையின் வரைபடம் உங்கள் கையில்.

ஒரு சன்னலை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி ஒரு சொட்டுத் தண்ணீரையும் உறிஞ்சாது. அதில் அடித்த மழை முழுவதும் வழிந்து அடிக்கல்லில் சேர்கிறது. அடிக்கல் சற்றே முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அதன் நடுப்பகுதிக்குக் கீழே உள்ள சுவர் ஓரளவு காய்ந்தே இருக்கும். தண்ணீர் அடிக்கல்லின் இரண்டு முனைகளுக்கு ஒதுங்கி அங்கிருந்து சுவரில் வழியும். ஆகவே கறை சன்னலின் அகலத்துக்குத் திரைச்சீலை போலத் தொங்காது. இரண்டு முனைகளிலிருந்தும் இரண்டு மெல்லிய வால்களாக இறங்கும். மேலே குறுகித் தெளிவாகத் தொடங்கும், கீழே போகப்போக அகன்று மங்கும். இந்த இரண்டு வால்களை மட்டும் சரியாக வைத்துப் பாருங்கள், மீதிச் சுவரில் நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அந்தச் சன்னல் பல மழைக்காலம் கண்டதாகத் தோன்றும்.

அடுத்து சுவரின் அடி. அங்கே நடப்பவை இரண்டு. பலர் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். ஒன்று, மழைத்துளி தரையில் விழுந்து மண்ணோடு தெறிப்பது. ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரம் வரை சுவரில் மண்நிறம் படியும். 1:87 அளவில் அது ஏறத்தாழ 2.3 முதல் 3.4 மில்லிமீட்டர். இன்னொன்று, நிலத்தின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும் ஓதம். பழைய சுவர்களில் அது ஒரு மீட்டர் அளவுக்கு ஏறிவிடும். உங்கள் கிடங்கில் 11, 12 மில்லிமீட்டர். ஓதம் ஏறிய பகுதி கறுத்திருக்கும். அதன் மேல்விளிம்பில் தண்ணீர் ஆவியாகி, கொண்டுவந்த உப்பை விட்டுவிட்டுப் போகும். அங்கேதான் வெள்ளையாக உப்புப் பூத்துச் சுவர் பொரியும். தெறித்த மண் கீழே, ஈரக்கறுப்பு அதற்கு மேலே, உப்பின் வெள்ளை அதற்கும் மேலே ஒழுங்கற்ற அலையாக. எல்லாம் ஒரு விரற்கடைக்குள் முடிந்துவிடுகிறது.

கிடங்கில் சுண்ணாம்புக்கல் வேலைப்பாடு இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். புகை மிகுந்த நகரங்களில் காற்றிலுள்ள கந்தக டையாக்சைடு சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து ஜிப்சம் உண்டாகிறது. அது கரியைப் பிடித்துக்கொண்டு கறுப்பு ஓடாகிறது. மழை படும் இடத்தில் அந்த ஓடு கழுவப்பட்டுக் கல் வெளுத்தே இருக்கும். படாத மறைவிடங்களில், அதாவது வளைவுகளின் அடியிலும் சிற்ப மடிப்புகளிலும், அது தங்கிவிடும். மழை பட்ட இடம் கறுத்திருக்கும் என்று நாம் போடும் கணக்கு அங்கே தலைகீழ்.

#3 எண்பத்தேழு

ஓதச்சுவர் சொன்னதோடு அளவுநாடாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் சரியாகி அளவு தவறினால் எல்லாம் போயிற்று.

1:87 அளவில் நீங்கள் வைக்கும் 1 மில்லிமீட்டர் பொட்டு உண்மையில் 87 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம். சன்னல் சட்டத்தில் வண்ணம் உரிந்ததாகக் காட்ட ஸ்பான்ஜால் ஒற்றி எடுத்தால், உள்ளங்கை உள்ளங்கையாக உரிந்த சன்னல்தான் கிடைக்கும். அந்த உத்தி 1:35 ராணுவ மாதிரிகளில் அழகாக இருக்கும். இங்கே ஊசிமுனையோ, கூர்மையாகச் சீவிய வண்ணப் பென்சிலோதான் சரி.

செங்கல் இடைக் காரையையும் பாருங்கள். உண்மையில் அது சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன். 1:87 அளவில் 0.11 மில்லிமீட்டர். அச்சில் வார்த்த செங்கல் தகடுகளில் இடுக்கு இதைவிட அகலம், ஆழமும் கூடுதல். அதில் பளிச்சென்ற வெள்ளையை நிரப்பினால் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஆகிவிடும். செங்கல்லின் நிறத்திலிருந்து ஓரிரு படி மட்டுமே விலகிய சாம்பல் அல்லது மணல் நிறம் போதும். ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஒரு நிறம் தேடி அலைய வேண்டாம். சுவரில் பத்தில் ஒன்றை மட்டும் சற்றே வெளிராகவோ கருமையாகவோ தொட்டுவிட்டால் கண் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

#4 தூரிகைநுனி

ஓதச்சுவரின் பதிவைப் படித்தால் கட்டடப் பொறியாளரின் ஆய்வறிக்கை போல இருக்கிறது. அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அது பாதி வேலை.

உங்கள் கிடங்கை மேசையில் வைத்து 60 சென்டிமீட்டர் தள்ளி நின்று பார்க்கிறீர்கள். 1:87 கணக்கில் 52 மீட்டர் தொலைவில் நிற்கிறீர்கள் என்று பொருள். அந்தத் தொலைவில் உண்மையான சுவரின் உப்புப் பூப்பு யார் கண்ணுக்குத் தெரியும்? நிழல், பெரிய நிறத்திட்டுகள், கூரைக்கும் சுவருக்கும் உள்ள வேறுபாடு, இவைதான் தெரியும். எண்பத்தேழின் அளவுநாடாவும் இதையேதான் சொல்கிறது, அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

வெளிச்சம் இன்னொரு சிக்கல். கட்டடத்தை 87 மடங்கு சுருக்கிவிடலாம், சூரியனைச் சுருக்க முடியாது. அறை விளக்கின் பரவிய ஒளியில் சின்னப் பொருளின் நிழல் வலுவிழந்துவிடும். இறவாரத்தின் அடி, கதவின் உட்சட்டம், மேடையின் கீழ்ப்புறம் ஆகிய இடங்களில் நிழலை நாம்தான் தீட்ட வேண்டும். தண்ணீர் அங்கே போகிறதா இல்லையா என்பது அப்போது பொருட்டே இல்லை. மேடைக்கு முகத்தில் கோடு தீட்டிக்கொள்கிற நடிகரைப் பார்த்து, ‘உண்மையில் உங்கள் புருவம் இவ்வளவு கறுப்பு இல்லையே’ என்று யாராவது கேட்பார்களா?

ஜான் ஆலனை நினைத்துப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் மான்ட்டரேயில் ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ என்ற 1:87 ரயில் உலகத்தை அமைத்தவர். புதுப்பொம்மை போல மின்னிக்கொண்டிருந்த மாதிரிகளின் காலத்தில் பழமையும் புழுதியும் ஏறிய கட்டடங்களைச் செய்து காட்டிய முன்னோடி. தொழிலால் புகைப்படக்காரர், ஒளியும் அமைப்பும் அவருக்குக் கைவந்தவை. அவரது ரயில் அமைப்பில் பெட்டிகளைத் தள்ளுவதற்கு ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசர் இருந்தது! அவர் 1973-ல் இறந்த சில நாட்களிலேயே அந்த அமைப்பின் பெரும்பகுதி தீக்கிரையானது. படங்கள்தான் மிச்சம். அந்தப் படங்கள் இன்றும் நம்மை நம்ப வைக்கின்றன என்றால் ஒவ்வொரு துளியின் வழித்தடத்தையும் அவர் கணக்கிட்டதால் அல்ல. எங்கே கண்ணை நிறுத்த வேண்டும், எங்கே கடத்திவிட வேண்டும் என்று தெரிந்திருந்ததால்.

#5 ஓதச்சுவர்

ஸ்டெகோசாரஸை எனக்கும் பிடிக்கும். ஆனால் அது நம்பும்படியாக இருந்ததற்குக் காரணம், சுற்றியிருந்த மற்ற எல்லாம் நம்பும்படியாக இருந்ததுதான்.

நிழலைத் தீட்ட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. 52 மீட்டர் கணக்கில்தான் மறுப்பு. மாதிரியை யாரும் 60 சென்டிமீட்டரில் நிறுத்திக்கொள்வதில்லை. குனிகிறார்கள், மூக்கு உரசும் வரை போகிறார்கள், கைபேசியால் படமெடுத்துப் பெரிதாக்குகிறார்கள். தள்ளி நிற்பவருக்கு உங்கள் நிழல், குனிந்தவருக்கு என் வால்கள். இரண்டுமே இருக்கட்டும். ஒன்றை மட்டும் விடமாட்டேன்: எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத கறையை வைக்காதீர்கள். நட்ட நடுச்சுவரில், மேலே குழாயோ ஆணியோ விரிசலோ இல்லாமல் தொடங்கும் ஒரு துருக்கோடு என் கண்ணில் பட்டுவிட்டால் பிறகு கட்டடத்தையே பார்க்க மாட்டேன், அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

#6 பொம்மைவீடு12

ஆண்கள் வெளிச்சுவரை விட்டு உள்ளே வரவே மாட்டீர்கள் போல. நான் 1:12 அளவில் உள்ளறைகள் செய்கிறவள். அங்கே மழை கிடையாது. பழமையை உண்டாக்குவது மனிதக் கை.

ஓதச்சுவர் அண்ணாவின் பேச்சுக்கு வலுச்சேர்க்க ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். அமெரிக்காவில் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற பெண்மணி 1940-களில் 1:12 அளவில் மரணம் நிகழ்ந்த அறைகளின் மாதிரிகளைச் செய்தார். பொழுதுபோக்குக்காக அல்ல, காவல் துறையினருக்குத் தடயங்களைக் கவனிக்கப் பயிற்சி தருவதற்காக. இன்றும் பெரும்பாலானவை பால்டிமோரில் மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் இருக்கின்றன. அந்த அறைகளில் சுவரில் இருக்கும் ஒரு கறை, கீழே கிடக்கும் ஒரு பொருள், எல்லாமே ஒரு சாட்சி. காரணமில்லாமல் ஒரு கறையை வைத்திருந்தால் பயிற்சிக்கு வந்தவர் தவறான முடிவுக்குப் போயிருப்பார். நமக்கு அந்தக் கண்டிப்பு வேண்டாம்தான். ஆனாலும் நான் வேலை செய்யும்போது அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வேன்: இதை யார், எந்தக் கையால் செய்தார்கள்?

கதவின் கைப்பிடியைச் சுற்றி வண்ணம் மங்கி எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். கதவை உதைத்துத் திறக்கும் வழக்கம் உள்ள வீட்டில் அடிப்பகுதி கீறியிருக்கும். மரப்படிகளில் நடுப்பகுதி தேய்ந்து வெளிறியிருக்கும், ஓரங்களில் பழைய வார்னிஷ் அப்படியே இருக்கும். விளக்குக்கு மேலே கூரையில் புகைக்கரி வட்டம். எனக்கு மிகவும் பிடித்தது, படம் மாட்டியிருந்த இடம்: வெயிலில் வெளுத்த சுவர்த்தாளில் வெளுக்காத ஒரு செவ்வகம், அதன் மேல்நடுவில் ஓர் ஆணித்துளை. சுவர்த்தாளை ஒட்டும் முன்பே அந்தச் செவ்வகத்தை ஒட்டுநாடாவால் மறைத்துவிட்டு மீதிமீது மிக மெல்லிய மஞ்சள் கலந்த வெள்ளையைத் தெளிக்கிறேன். நாடாவை எடுத்ததும் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனது தெரிகிறது.

சிறுதச்சன், உங்கள் கிடங்குக்கும் இது பொருந்தும். மேடையின் விளிம்பில் வண்டி இடித்த இடம், கதவுச் சட்டத்தில் மூட்டை உரசிய உயரம், இவற்றை மழை செய்யாது.

#7 தகரக்கூரை

பெயருக்கு ஏற்ப என் பங்கு தகரம்.

நெளித்தகரம் முழுவதும் ஆரஞ்சு நிறம் பூசுவதை முதலில் நிறுத்துங்கள். அது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் இருக்கிற வரை அது மங்கிய சாம்பலாகத்தான் இருக்கும். துத்தநாகம் எங்கே தீர்கிறதோ அங்கே துரு தொடங்கும்: ஆணித்துளைகள், ஒரு தகடு இன்னொன்றின்மேல் ஏறும் இடுக்கு, தண்ணீர் தொங்கி நிற்கும் கீழ்விளிம்பு. அங்கிருந்து சரிவின் திசையில் நெளிவின் பள்ளம் வழியே இறங்கும். மேட்டில் ஏறாது, பக்கவாட்டில் போகாது. கூரையில் ஒரு தகடு மட்டும் பிற்காலத்தில் மாற்றியதாக இருக்கட்டும். அது பளிச்சென்ற சாம்பலில் இருந்தால் மற்றவற்றின் வயது தானாகக் கூடிவிடும்.

துருவிலும் ஒரே நிறம் கிடையாது. புதிய துரு ஆரஞ்சு, பழைய துரு அடர்பழுப்பு, கிட்டத்தட்டக் கறுப்பு. நடுவில் அடர்பழுப்பு, அதைச் சுற்றிச் செம்பழுப்பு, வழிந்தோடும் வாலில் மட்டும் கொஞ்சம் ஆரஞ்சு. இந்த வரிசையை மாற்றினால் துரு, வண்ணம் போலத் தெரியும்.

ஹேர்ஸ்ப்ரே உத்தியைப் பலரும் சிக்கலாக்கிச் சொல்கிறார்கள், எளிதுதான். முதலில் துரு நிறங்களைப் பூசி வார்னிஷால் காத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஹேர்ஸ்ப்ரே இரண்டு மெல்லிய படலம். காய்ந்ததும் மேலே சாம்பல் அக்ரிலிக் வண்ணம், மெல்லியதாக. அது தொட உலர்ந்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த தூரிகையால் தேய்த்தால் அடியிலுள்ள ஹேர்ஸ்ப்ரே கரைந்து மேல்வண்ணம் திட்டுத்திட்டாகப் பெயரும். உள்ளே உண்மையிலேயே அடுக்கு இருப்பதால் பெயர்ந்த விளிம்பு கையால் வரைந்தது போலத் தெரியாது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் அக்ரிலிக் இறுகிவிடும், அசையாது. எனாமல் வண்ணத்தை மேலே பூசினால் இந்த உத்தியே வேலை செய்யாது.

இன்னொன்று, அலுமினியம் துருப்பிடிக்காது. செம்பு பச்சைக் களிம்பு ஏறும். ஈயத் தகடு வெளிறிச் சாம்பலாகும். பித்தளைக் கைப்பிடியில் ஆரஞ்சுத் துரு வைத்த ஒரு மாதிரியைப் பார்த்தேன், மற்றபடி அருமையான வேலை.

#8 சிறுதச்சன்

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. பொம்மைவீடு அக்கா சொன்ன மூட்டை உரசல் உடனே பிடித்துவிட்டது, கண்டிப்பாகச் செய்கிறேன்.

வரிசையைப் பற்றி யாராவது சொல்லுங்கள். சுவர் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு, மேடை மெல்லிய மரக்குச்சி. பளபளப்பு வார்னிஷ் முதலில், மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் பிறகு என்கிறார்கள் சிலர்; எல்லாமே மேட் என்கிறார்கள் சிலர்.

#9 தூரிகைநுனி

வார்னிஷைச் சடங்காகப் பார்க்காமல், அடுத்து என்ன பூசப் போகிறோம் என்பதோடு சேர்த்துப் பாருங்கள். வழவழப்பான பரப்பில் வாஷ் தடையில்லாமல் ஓடி இடுக்கில் போய்ச் சேரும். சொரசொரப்பான மேட் பரப்பில் அது நின்ற இடத்திலேயே ஊறிக் கறையாகும். நிறமித்தூளுக்கு இதன் எதிர்ப்புறம்: வழவழப்பில் தூள் நிற்காது, மேட் பரப்பில் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே என் வரிசை: அக்ரிலிக் அடிவண்ணம், பளபளப்பு அல்லது அரைப்பளபளப்பு வார்னிஷ், எண்ணெய் வண்ண வாஷும் வழிசல் கோடுகளும், நன்றாகக் காய்ந்த பிறகு மேட், கடைசியாகத் தூள்.

வழிசலுக்கு எண்ணெய் வண்ணத்தை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. குழாயிலிருந்து எடுத்து ஓர் அட்டைத் துண்டில் சிறிது நேரம் வையுங்கள், உபரி ஆளிவிதை எண்ணெயை அட்டை குடித்துவிடும். வண்ணம் பளபளப்பில்லாமலும் விரைவாகவும் காயும். பிறகு அடிக்கல்லின் முனையில் மிகச்சிறிய பொட்டு. வைட் ஸ்பிரிட்டில் (எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் திரவம்) நனைத்து, துணியில் ஒற்றி, ஏறத்தாழ உலர்ந்துவிட்ட தட்டைத் தூரிகையால் கீழ்நோக்கி இழுங்கள். பிடிக்கவில்லையா, இன்னும் கொஞ்சம் வைட் ஸ்பிரிட், துடைத்துவிட்டு மறுபடியும். அடியிலுள்ள அக்ரிலிக்கையும் அக்ரிலிக் வார்னிஷையும் அது தொடாது. திருத்திக்கொண்டே போக இடம் கொடுக்கும் இந்தக் குணத்துக்காகவே எண்ணெய் வண்ணம். ஆனால் பாலிஸ்டைரீனில் வைட் ஸ்பிரிட் குளமாகத் தேங்க விடாதீர்கள், இறுக்கத்தில் ஒட்டிய மூட்டுகள் விரிசல் விடும்.

தூளின்மேல் வார்னிஷ் அடித்தால் பாதி மறைந்துவிடும், மீதி கறுத்துவிடும். கைபடாத இடத்தில் தூளை அப்படியே விட்டுவிடுவேன்.

#10 எண்பத்தேழு

ஒரு சின்ன எதிர்க்கருத்து. அவர் சொல்வது பிளாஸ்டிக்குக்கு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த சுவருக்கு வார்னிஷ் அடித்தால் அதன் அழகே போய்விடும். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கும் பொருள், அந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். சுவர் முழுவதும் முதலில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டு, நீர்த்த வண்ணத்தைத் தொட்டுவிடுங்கள்; தானே பரவி ஓதம் போலவே ஊறும். உலர்ந்த பிளாஸ்டரில் தொட்டால் தொட்ட இடத்திலேயே கருந்திட்டாக நின்றுவிடும்.

இன்னொரு எச்சரிக்கை: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில துளி இந்தியன் இங்க் கலந்த வாஷ் நம் எல்லோரிடமும் இருக்கும். அதை லாக்கர் வகை மேட் வார்னிஷின்மேல் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும். வெயிலில் வெளுத்த மரத்துக்கு வேண்டுமென்றே அப்படிச் செய்பவர்கள் உண்டு. வேண்டாம் என்றால் அதே வார்னிஷை இன்னொரு முறை லேசாகத் தெளித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

#11 தகரக்கூரை

மரமேடைக்கு வண்ணமே வேண்டாம். வினிகரில் இரும்புக் கம்பிநாரைப் போட்டு ஓரிரு நாள் ஊற வையுங்கள். மூடியை இறுக்கி மூடாதீர்கள், உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகும். அந்த நீர் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து வெள்ளிச்சாம்பல் முதல் கருநீலச் சாம்பல் வரை நிறம் தரும். வெயிலும் மழையும் பட்ட மரம் அசல் அப்படித்தான் இருக்கும். நாம் பயன்படுத்தும் பால்சா, பாஸ்வுட் போன்றவற்றில் டானின் குறைவு. ஆகவே கடுந்தேயிலைச் சாற்றை முதலில் பூசிக் காய விடுங்கள், பிறகு இது.

குச்சிகளை ஒட்டும் முன்பே நிறமேற்றிவிடுங்கள். பசை பட்ட இடத்தில் நிறம் ஏறாது, மூட்டு மூட்டாக வெள்ளைப் புள்ளி தெரியும். பித்தளைக் கம்பித் தூரிகையால் நார்வாக்கில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு நனைத்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

#12 நெறியாளர்

இழை அருமையாகப் போகிறது, இடையில் ஒரு சொல். நிறமித்தூள், அரைத்த சாக்பீஸ், தேய்க்கும் தூசி எல்லாமே நுரையீரலுக்குப் பகை. நல்ல முகக்கவசம் அணியுங்கள். ஆல்கஹாலும் வைட் ஸ்பிரிட்டும் தீப்பற்றும், சன்னலைத் திறந்து வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

#13 பாசி

மூன்றாவது கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி.

கட்டடம் நிலத்தில் முளைத்ததாகத் தெரியாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: அடியில் ஒரு மயிரிழை இடைவெளி. அதன் வழியே ஒளி தெரிந்தால் முடிந்தது, எவ்வளவு நல்ல வெதரிங்கும் காப்பாற்றாது. கட்டடத்தை நிலத்தின்மேல் வைக்காதீர்கள், நிலத்துக்குள் இறக்குங்கள். அடித்தளத்தை 2, 3 மில்லிமீட்டர் கூடுதலாகச் செய்து, நுரைப்பலகையில் குழி வெட்டி அதில் இறக்கிவிட்டு, பிறகு சுவர்வரை மண்ணைக் கொண்டுவாருங்கள். பின்னால் கழற்ற வேண்டும் என்றால் சுவரைச் சமையலறைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிட்டு மண் போடுங்கள். காய்ந்ததும் தாளை உருவிவிடலாம்.

மண்ணுக்கு உண்மையான மண்ணே நல்லது. காயவைத்து, அடுப்பில் சூடாக்கிப் பூச்சியையும் பூஞ்சையையும் கொன்று, நுண்சல்லடையில் சலித்து, காந்தத்தை ஒருமுறை ஓட்டுங்கள். ரயில் ஓடும் அமைப்பு என்றால் காந்தம் கட்டாயம். இரும்புத்துகள் மோட்டாருக்குள் போய்விடும். வெள்ளைப் பசையை ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றுக்கு மூன்று வரை நீரில் கரைக்கலாம். ஊற்றும் முன் ஆல்கஹால் கலந்த நீரைத் தெளித்து மண்ணை நனைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக உருண்டு மண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடும். பசை காய்ந்த பின்னும் மண் சற்றுக் கறுத்தே நிற்கும். ஆகவே விரும்பும் நிறத்தைவிட ஒரு படி வெளிறிய மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மண்ணின் தூளைச் சுவரின் அடியிலும் படியிலும் லேசாகத் தட்டிவிடுங்கள். ஓதச்சுவர் சொன்ன தெறிப்புக்கு வேறு நிறம் தேட வேண்டியதில்லை. நிலத்தின் நிறமும் சுவரின் அடிநிறமும் ஒன்றானால் பாதி வேலை முடிந்தது.

புல்லில் எல்லோரும் அளவை மறந்துவிடுகிறார்கள். நிலைமின்சாரத்தால் நார்களை நிமிர்த்தி ஒட்டும் நிலைமின் புல்லில் 6 மில்லிமீட்டர் நார் என்பது 1:87 அளவில் 52 சென்டிமீட்டர், முழங்கால் உயரம். ஆட்கள் நடமாடும் கிடங்கின் முற்றத்தில் அது முளைக்காது. 2 மில்லிமீட்டர் போதும். 4-ம் 6-ம் சுவரோரத்துக்கும் வண்டி போகாத மூலைக்கும். ஒரே நீளம், ஒரே பச்சை என்று போட்டால் கம்பளம் விரித்ததாகிவிடும். இரண்டு நீளம், மூன்று நிறம், அதிலும் வைக்கோல் நிறம் தாராளமாக. களைச்செடி ஈரம் இருக்கும் இடத்தைத் தேடிப் போகும்: குழாய் கொட்டும் இடம், மேடைக்கடி, சுவரும் தரையும் சேரும் இடுக்கு. தினமும் கால் படும் வாசலுக்கு நேரே ஒன்றும் முளைக்காது. அந்த வெறுமையையும் நாம்தான் செய்தாக வேண்டும்.

இங்கிலாந்தில் லாங் விட்டென்ஹாமில் பென்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. 1920, 30-களின் ஒரு கிராமப்புறத்தை 1:76 அளவில் செய்துகொண்டே இருக்கிறார்கள், தலைமுறை தாண்டி. அங்கே வீடுகளைப் போலவே காய்கறிப் பாத்திகளும் வேலிகளும் வேலை வாங்கியிருக்கின்றன. வீட்டைச் சுற்றி வாழ்க்கை இருப்பதால் வீடு நம்பும்படியாக இருக்கிறது.

#14 பொம்மைவீடு12

பாசி சொன்னதோடு ஒரு கொசுறு: சன்னல் கண்ணாடியைச் சூப்பர் குளூவால் ஒட்டாதீர்கள், அதன் ஆவி படிந்து பிளாஸ்டிக் பனிபடர்ந்தது போல ஆகிவிடும். வெள்ளைப் பசை போதும். கண்ணாடியை அழுக்காக்க உட்புறத்தில் மேட் வார்னிஷ் தெளியுங்கள். யாரோ கையால் துடைத்துப் பார்த்தது போல ஒரு வட்டத்தை மட்டும் தெளிவாக விட்டுவிடுங்கள். உள்ளே விளக்கு வைப்பதாக இருந்தால் சுவரின் உட்புறத்தைக் கறுப்படித்துவிடுங்கள், இல்லையென்றால் செங்கல்லே ஒளிரும்.

#15 சிறுதச்சன்

குழாய் இருக்கும் பக்கச்சுவரை மட்டும் முடித்திருக்கிறேன். சன்னல்களுக்குக் கீழே இரண்டிரண்டு வால்கள், எண்ணெய் வண்ணத்தில். மழைநீர்க் குழாயின் நடுமூட்டில் ஒரு கசிவு, அதிலிருந்து பச்சை கலந்த கறுப்பு இறங்குகிறது. இறவாரத்தின் அடியில் தூரிகைநுனி சொன்ன நிழலைக் கொஞ்சம் துணிந்தே தீட்டினேன். தள்ளி நின்று பார்க்க நன்றாக இருக்கிறது, குனிந்து பார்த்தால் சற்று மிகை. அடியில் மண் தெறிப்பு, ஓதம், அதற்கு மேலே உப்பு. வெள்ளையை வெள்ளைச் சாக்பீஸ் தூளில் வைத்தேன். படம் இணைத்திருக்கிறேன். தயங்காமல் குறை சொல்லுங்கள்.

#16 தூரிகைநுனி

நிழல் மிகையில்லை, அப்படியே விடுங்கள். வைக்கப் போகும் இடத்தின் விளக்கிலேயே ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 6500 கெல்வின் வேலை விளக்கில் சரியாகத் தெரியும் பழுப்பு, 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் சிவந்துவிடும். உப்பின் மேல்விளிம்பு மட்டும் ரொம்ப நேர்க்கோடாக இருக்கிறது, ஈரவிரலால் இரண்டு இடத்தில் கலைத்துவிடுங்கள்.

#17 ஓதச்சுவர்

சன்னல் வால்கள் பிரமாதம். குழாய்க் கசிவுக்கு மேலே மூட்டு இருக்கிறது, கறைக்குக் காரணம் தெரிகிறது, மகிழ்ச்சி. ஒரு கேள்விதான்: அந்தக் குழாய் தரையிலிருந்து ஒரு விரற்கடைக்கும் குறைவான உயரத்தில் முடிகிறது. கூரைத் தண்ணீர் முழுவதும் அங்கே கொட்டுகிறது. பிறகு எங்கே போகிறது? உங்கள் படத்தில் அந்த இடத்தில் மண் மற்ற இடத்தைப் போலவே சமமாக, காய்ந்து கிடக்கிறது.

#18 சிறுதச்சன்

அதை யோசிக்கவே இல்லை! குழாய்க்கும் மேடைக்கும் நடுவே 15 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. ஒரு கல்லை வைத்து, அதிலிருந்து முற்றத்தின் ஓரமாக ஓர் ஓடை கீறிவிடலாமா? அல்லது இரும்புக் கம்பிமூடி போட்ட வடிகாலா?

#19 ஓதச்சுவர்

கிடங்கின் வயதுக்கு ஓடைதான் பொருத்தம். கல்லின் நடுவில் சின்னக் குழிவு வையுங்கள், தண்ணீர் விழுந்து விழுந்து தேய்ந்தது போல. ஓடையின் அடியில் மண்ணை இன்னும் நுண்ணிய சல்லடையில் சலித்துப் போடுங்கள், வண்டல் மற்ற மண்ணைவிட நைசாக இருக்கும்.

#20 பாசி

ஓடையின் இரண்டு கரையிலும் 4 மில்லிமீட்டர் பச்சை. கல்லுக்குப் பின்னால், சுவரோரம், ஒரே ஒரு கொத்து 6 மில்லிமீட்டர். அதற்குமேல் வேண்டாம்.